நடவுக் கையில் கிதார்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். பொய்யில்லை. அந்தக் கோபம் மட்டும் இல்லாதிருந்தால் கிதாரை அந்த ஆடி மாதமே டவுன் சபையில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.

உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவே, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் குடியிருப்பு. கூரை வீடுகள், அவற்றுக்கு நடுவில் அதே மாதிரிக் கூரை போட்ட ஒரு கோயில். மேலே மரச்சிலுவை இல்லையென்றால் அதையும் வீடு என்றே நினைப்பார்கள். எங்களில் யாருக்கும் சொந்தக் கழனி கிடையாது. ஊர்க்காரர்களின் கழனியில் நடவு, களை, அறுப்பு என்று வருஷம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை பாட்டு. பாட்டில் மட்டும் நாங்கள் யாருக்கும் கூலியாள் இல்லை.

வாரத்துக்கு ஒருநாள் புளியமரத்தடியில் மருந்து கொடுக்க வந்துகொண்டிருந்த வெள்ளைக்கார நர்ஸம்மா, தன் தேசத்துக்குத் திரும்பிப் போகும்போது விட்டுச் சென்றது அந்தக் கிதார். பாடுகிற பெண்களுக்கு என்று சொல்லி என் கையில்தான் கொடுத்தார். அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். இடது கை விரல்களை மூன்று விதமாக வைக்கவும், வலது கையால் எல்லாத் தந்திகளையும் சேர்த்து வாரி அடிக்கவும் காட்டியிருந்தார். அவ்வளவுதான் அவர் கொடுத்த பாடம். எலிக்கும் கோழிக்கும் பயந்து அதைப் பழைய புடவையில் சுற்றி வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டிருந்தேன்.

வாரி அடிப்பது எனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. பாடுகிறவர்களுக்குப் பின்னால் ஜங் ஜங் என்று அடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு ஜாலராவே போதும். எனக்குப் பாட்டையே வாசிக்க வேண்டும். தந்தியைத் தட்ட நர்ஸம்மா கொடுத்த பிளாஸ்டிக் வில்லை எங்கேயோ தவறிப் போனதால், கொட்டாங்கச்சியை உடைத்துக் கல்லில் தேய்த்து நானே ஒன்று செய்துகொண்டேன். அதை நாங்கள் சில்லு என்றோம். அந்தச் சில்லை வைத்துத் தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டி மெட்டைத் தேடித் தேடி எடுத்தேன். மெதுவான பாட்டெல்லாம் வந்தது. எங்கள் சபையின் சொந்தப் பாட்டு மட்டும் வரவில்லை.

அது எங்கள் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் கட்டிய பாட்டு. அறுப்பின் பண்டிகைக்கு என்றே கட்டியது. சுற்றுவட்டத்துச் சபைகள் எல்லாம் டவுன் கோயிலில் கூடி, முதல் கதிரையும் கோழியையும் பூசணியையும் படைத்து, சபைக்கொரு பாட்டுப் பாடும் நாள் அது. எங்கள் பாட்டு நடந்து வருகிற மாதிரி ஆரம்பிக்கும். கடைசி அடியை மூன்று முறை பாடுவோம். ஒவ்வொரு முறையும் வேகம் ஏறும். மூன்றாவது முறை கை தட்டுகிறவர்களின் கையே சிவந்துபோகும்.

ஆடி மாதம் டவுன் சபையின் பாடகர் குழுத் தலைவர் சொல்லி அனுப்பினார். கிராமத்தில் கிதார் சும்மா தொங்குகிறது, டவுனில் மெட்ராஸ் போய்க் கற்றுக்கொண்டு வந்த தம்பி ஒருவர் இருக்கிறார், இங்கே கொண்டுவந்தால் ஆராதனைக்கு உபயோகப்படும் என்றார். கிதாரைத் தூக்கிக்கொண்டு நானும் என் அண்ணியும் போனோம். அண்ணி என்றால் என் அண்ணன் பெண்சாதி. எங்கள் சபைக்குத் தோலக் வாசிக்கிறவள் அவள்தான். கல்யாணமாகி வரும்போது சீர்வரிசையாகத் தோலக்கைக் கொண்டுவந்தவள் என்று அவளைக் கேலி செய்வோம்.

டவுன் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவர் வீட்டு முன்னறையில் வைத்து என்னை வாசிக்கச் சொன்னார்கள். மெதுவாக வாசித்தவரை நன்றாகத்தான் போனது. வேகத்துக்கு வந்ததும் கை தடுமாறியது. சில்லு தந்தியில் மாட்டிக்கொண்டது. அண்ணியின் தோலக் முன்னால் ஓட, நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினேன். தலைவர் என்னைத் திட்டவில்லை. பாவப்பட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நடவு நடுற கைம்மா இது," என்றார். "தந்திக்கெல்லாம் நிக்காது."

எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. அந்தக் கிதாரை எங்களுக்குத்தான் கொடுத்தது, தர மாட்டேன் என்று சொன்னேன். பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்திவிட்டேன் என்று அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஐயர் நியாயஸ்தர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார்.

"அறுப்பின் பண்டிகைக்கு உங்க பாட்டை நீயே வாசிம்மா. கடைசி வேகம் வரைக்கும் தடுக்காம வாசிச்சிட்டா கிதார் உங்க ஊரோடயே இருக்கட்டும். தடுக்கிச்சின்னா இங்க வெச்சிட்டுப் போயிடு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. மடியில் கிதாரைப் பிணம் மாதிரிக் கிடத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்து, விளக்கு வைக்கிற வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்து அடிப்பேன். கீழே ஒரு அடி, மேலே ஒரு அடி, மாற்றி மாற்றி. வேகமாக அடிக்க வேண்டும் என்று நினைத்தாலே தோள்பட்டை விறைத்துக்கொள்ளும். கோபத்தில் இன்னும் ஓங்கி அடிப்பேன். தந்திதான் சரியில்லை என்பேன். சில்லு கனம் என்பேன். இன்னொரு கொட்டாங்கச்சியை உடைப்பேன். அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் ஒருநாள். "ஏண்டி, ஒரு தபா அடிச்சிட்டு உன் கை எங்க போவுது? பெருநகர் வரைக்கும் போயிட்டு இல்ல திரும்பி வருது?"

எனக்கு ஆத்திரம். நீ வந்து அடித்துப் பார் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது மட்டும் உள்ளே போகாமல் என்னோடேயே உட்கார்ந்துகொண்டது. பார்த்தால் உண்மைதான். தந்தியைத் தட்டிவிட்டு என் கை முழங்கால் வரைக்கும் இறங்கிப் போயிருந்தது. அங்கிருந்து அது திரும்பி வருவதற்குள் தோலக் அடுத்த அடிக்குப் போய்விடும். ஆனால் கையைப் போகாதே என்று சொன்னால் கேட்கிறதா? இறுக்கிப் பிடித்தால் விறைத்தது. விட்டால் ஓடியது.

புரட்டாசியில் சம்பா நடவு வந்தது. ஏரி நிறைந்திருந்தது. சேடை ஓட்டிச் சேறாக்கிய கழனியில் வரிசையாகக் குனிந்து, பின்னால் பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டே வந்தோம். நடவில் எங்கள் ஊர்ப் பெண்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. அன்று வரிசையில் என் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி நின்றாள். காஞ்சிபுரத்துப் பக்கம் தறி வீட்டில் பிறந்தவள். கழனியில் இறங்கியதே அன்றுதான். ஒவ்வொரு நாற்றையும் மணிக்கட்டு முழுகும்படி சேற்றில் அழுத்துவாள். கையைப் பிடுங்கி எடுப்பாள். நிமிர்ந்து மூச்சு விடுவாள். அப்புறம் இடது கையில் இருக்கும் நாற்றுக் கட்டைப் பார்ப்பாள். அதிலிருந்து ஒரு நாற்றைப் பிரிப்பாள். மறுபடி குனிவாள். வரிசையில் அவள் இடம் மட்டும் பல்லு விழுந்த வாய் மாதிரி பின்தங்கிக் கிடந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க, வாசற்படியில் உட்கார்ந்து கிதார் அடிக்கிற என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்படியே குனிந்தபடி என் கையைப் பார்த்தேன். பிறந்த நாள் முதல் செய்கிற வேலையை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். வலது கை ஒரு நாற்றை ஊன்றும்போதே இடது கைக் கட்டைவிரல் அடுத்ததைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தது. நான் ஆழ ஊன்றவில்லை. விரல் நுனி மட்டும்தான் சேற்றுக்குள் போனது. ஆழ நட்டால் கையும் மாட்டும், பயிரும் தூர் கட்டாது என்று எங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊன்றிய விரல் நேராக மேலே எழும்பவும் இல்லை. சாய்வாக, அடுத்த நாற்று இருக்கிற பக்கமாகவே வெளியே வந்தது. ஒரு நாற்றை நட்டு முடிப்பதும் அடுத்த நாற்றுக்குப் போவதும் இரண்டு வேலை இல்லை. ஒரே வேலை. நடுவில் கை எங்கேயும் ஊருக்குப் போய்விட்டு வரவில்லை.

"இன்னாடி, கையப் பாத்துக்கினு நிக்கிற? அட்டை கடிச்சிச்சா?" என்றாள் அண்ணி.

இல்லை என்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில்தான்.

அன்று சாயங்காலம் கால் சேற்றைக்கூடச் சரியாகக் கழுவாமல் கிதாரை இறக்கினேன். சில்லின் நுனி மட்டும் தந்தியில் படும்படி பிடித்தேன். கீழே தட்டியதும் தந்திக்கு அந்தப் பக்கமே, மயிரிழை தள்ளி, நிறுத்தினேன். அங்கேயே மேலே வருவதற்குத் தயாராக அது நின்றது. மேலே வந்ததும் இந்தப் பக்கம் அதேபோல நின்றது. தந்தி மாற வேண்டிய இடத்தில் அடுத்த தந்திக்குத் தாண்டப் போகும்போதுதான் முன்பெல்லாம் மாட்டிக்கொள்வேன். இப்போது கடைசி மேல் அடியைச் சேற்றிலிருந்து விரலை எடுப்பது போலச் சாய்வாக வெளியே எடுத்தேன். சில்லு தந்திகளுக்கு மேலே வந்து, அடுத்த தந்தியின் தலைமேல் காத்திருந்தது. மெதுவாகத்தான் செய்தேன். அவ்வளவு மெதுவாக அடித்தால் கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். ஆனால் ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் என் கை ஏற்கெனவே அங்கே இருந்தது.

ஐப்பசி கார்த்திகை மழையில் வேலை குறைவு. வீட்டுக்குள் ஒழுகாத மூலையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருந்தேன். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். மார்கழி பிறக்கும்போது அண்ணியின் தோலக்கோடு மூன்றாவது வேகத்தையும் வாசித்தேன். தெருவே வாசலில் வந்து நின்றது. அண்ணி தோலக்கைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். கிதார் இனி எங்களுடையதுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பொங்கல் கழித்து அறுப்பு வந்தது. அங்கேதான் குடி முழுகியது.

அறுப்பு வேறு கை. அரிவாள் பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தாளைச் சேர்த்து வளைத்து நம் பக்கமாக நீளமாக இழுக்க வேண்டும். இழுத்த கை சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் போகும். பொழுதெல்லாம் அதையே செய்தால் கை அதையே படித்துக்கொள்ளும். அறுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் கிதாரை எடுத்தால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. சில்லை அரிவாள் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு தந்தியை அறுத்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வரைக்கும் போகிற பழைய கை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது வேகத்திலேயே தடுக்கியது. பண்டிகை அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

சில்லைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். டவுன்காரர் சொன்னது சரிதான், கூலிக்காரிக்கு எதற்குக் கிதார் என்று கத்தினேன். அண்ணி எழுந்துபோய்ச் சில்லைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"நட்டாத்தான வந்துச்சி? அப்ப நடு," என்றாள்.

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அறுப்புக் காலத்தில் யாராவது நடவுக்குப் போவார்களா? அறுப்புக்குத்தான் கூலியாக நெல் கிடைக்கும். அந்த நெல்லில்தான் அடுத்த மாசங்கள் ஓடும். ஆனால் மதகை ஒட்டிய பள்ளக் கழனிகளில் அடுத்த போகமான நவரைக்கு நடவு ஆரம்பித்திருந்தது. அங்கே ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். நானும் அண்ணியும் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு அங்கே இறங்கினோம். அண்ணன் இருவருக்கும் பைத்தியம் என்றான். களத்தில் நெல் கொட்டிக் கிடக்கும்போது சேற்றில் போய் நிற்கிறார்களே என்று ஊரே பேசியது. அண்ணி குனிந்து நட்டுக்கொண்டே போனாள். எனக்காக அவள் விட்ட நெல்லை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

முதல் நாள் கை முரண்டு பிடித்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் விரல் தானாகவே சாய்ந்து வெளியே வரத் தொடங்கியது. நட்டுக்கொண்டே வாய்க்குள் பாட்டை முனகினேன். அடிக்கு ஒரு நாற்று. பக்கத்தில் அண்ணி அதே தாளத்துக்கு நட்டுக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை வரைக்கும் கிதாரைத் தொடவே இல்லை. தொட்டால் பயம் வந்துவிடும் என்று பயம்.

பண்டிகைக்குப் பஸ்ஸில் இடமில்லாமல் கட்டுக் கதிரும் சேவலும் கிதாரும் தோலக்குமாக நெருக்கிக்கொண்டு போனோம். டவுன் கோயில் முன்னால் பந்தல். கரும்பும் வாழையும் கட்டியிருந்தார்கள். படைத்த பொருளையெல்லாம் ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். எங்கள் சேவல் ஜெபத்தின் நடுவில் கூவிக் கூவி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. மற்ற சபைகள் பாடி முடித்தன. கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள். முன் வரிசையில் ஐயர், அவருக்குப் பக்கத்தில் தலைவர், அவருக்குப் பக்கத்தில் அந்த மெட்ராஸ் தம்பி. என் நகக்கண்ணில் நவரைச் சேறு இன்னும் போகவில்லை. மறைக்க நினைத்தேன். அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பாட்டு நடந்துவந்தது. முதல் வேகம், இரண்டாவது வேகம். கை சுகமாக இருந்தது. மூன்றாவது தொடங்கும்போது தலைவர் அந்தத் தம்பியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களைப் பற்றியே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்றால் அவளுக்குக் கோபம் உள்ளங்கையில். நாங்கள் பழகிய வேகத்தை விட்டுவிட்டுத் தோலக்கை அவிழ்த்துவிட்ட காளை மாதிரி ஓட்ட ஆரம்பித்தாள்.

அந்த வேகத்தில் நாங்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. என் நெஞ்சு ஒரு கணம் நின்றது. கை நிற்கவில்லை. சில்லின் நுனி தந்திக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மயிரிழை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தந்தி மாறும் இடமெல்லாம் நான் நினைப்பதற்கு முன்னாலேயே அது அடுத்த தந்தியின் தலைமேல் போய் நின்றது. தோலக்குக்குப் பின்னால் ஓடிய காலமெல்லாம் போய், அன்று முதல்முதலாகத் தோலக்கின் அடுத்த அடிக்காக நான் காத்திருந்தேன். ஆமாம், அந்த ஓட்டத்திலும் காத்திருக்க எனக்கு நேரம் இருந்தது. பின்னால் எங்கள் பெண்கள் பாடினார்கள். பந்தலில் இருந்த அத்தனை சபையும் கை தட்ட ஆரம்பித்தது. கடைசி அடியை அடித்து நிறுத்தியபோது அண்ணிக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வாங்கவில்லை.

சேவல் கூவியது. அதற்கும் கை தட்டினார்கள்.

ஐயர் எழுந்து, கிதார் கிராமத்துச் சபையிலேயே இருக்கும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எங்கள் வரிசையில் ஒருத்தி குலவையிட்டாள். கோயிலில் குலவை இடக்கூடாது என்று யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது அந்த மெட்ராஸ் தம்பி தயங்கித் தயங்கி வந்தார். நல்ல பிள்ளை. கையை இவ்வளவு குறைவாக அசைக்க எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"மதகாண்ட நவரைக் கழனில. நாளைக்கும் நடவு கீது. வந்தா நீயும் கத்துக்கலாம்."

அவர் சிரித்தார். தலைவரும் பின்னாலேயே வந்தார். பெஞ்சின் மேல் நான் வைத்திருந்த கிதாரை அவரே இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது என் நகக்கண்ணைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நடவுக் கைதான் ஐயா," என்றேன்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் விடியற்காலையில் நானும் அண்ணியும் மதகடிக் கழனிக்குப் போனோம். பாதி நடவு மிச்சமிருந்தது. வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. அதற்குள்ளே, விட்டத்தில், பழைய புடவையில் சுற்றிக்கொண்டு கிதார் இருந்தது.